ஓரடிப் பலகையில் ஐம்பது மீற்றர் மண்

புலம்பெயர்ந்த மண்ணில் தமிழைக் காப்பது எவ்வாறு என்ற வினா ஆண்டுதோறும் விழா மலர்களில் எழுப்பப்பட்டு வருகின்றது. விடையாக நாம் எழுதுவனவும் பெரும்பாலும் ஒன்றே: வீட்டில் தமிழிற் பேசுங்கள், பிள்ளைகளைத் தவறாது வகுப்புக்கு அனுப்புங்கள். இவை உண்மையே. ஆயினும் இவ்வாண்டு நாம் எழுத விழைவது பொம்மைப் புகையிரதம் பற்றியது. பெற்றோர் நகையாடாது இறுதிவரை வாசிக்குமாறு பணிவன்புடன் வேண்டுகின்றோம்.

சென்ற ஆண்டுவிழாவின்போது மண்டபத்தின் பின்புறத்தில், மடிப்பு மேசைகளின் மேல், பதினான்கு பலகைத் துண்டுகளை வளையமாகப் பொருத்தி வைத்திருந்தோம். அவற்றின்மேல் இரு தண்டவாளப் பாதைகள். உட்பாதையிலே சிறு இயந்திரமொன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு பனைகளையும் கிடுகு வேலிகளையும் கடந்து சுற்றிச் சுற்றி வந்தது. இடைவேளையில் அங்கு வந்த முதியவர் சிலர், இடைவேளை முடிந்த பின்பும் தத்தம் இருக்கைக்குத் திரும்பவில்லை. "இது கொடிகாமமெல்லோ! சந்தை எங்கை?" என்று ஒருவர் வினவினார். அத்துண்டைச் செய்த மாணவன், ஓராண்டாக எமது வகுப்பில் ஒரு சொல்லுக்கு மேல் தமிழிற் பேசாதவன், "அது அடுத்த பலகையிலை வரும் தாத்தா, இன்னும் செய்து முடிக்கேல்லை" என்று விடையளித்தான். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இக்கலையின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். மாதிரிப் புகையிரதங்களுட் சிறிய அளவொன்று 'என்' எனப்படுவது. இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 9 மில்லிமீற்றர். உண்மைப் பொருள் நூற்றறுபதில் ஒரு பங்காகச் சுருங்கும். ஜேர்மனியின் நூரெம்பேர்க் நகரத்து ஆர்னோல்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1965இல் யப்பானின் கேற்றோ நிறுவனமும் இவ்வளவிற் செய்யத் தொடங்கியது. சிறிய வீடுகள் மலிந்த அந்நாட்டில் இது பெருவழக்காயிற்று. 1972இல் ஜேர்மனியின் மார்க்லின் நிறுவனம் 6.5 மில்லிமீற்றர் அகலத்தில் இன்னுஞ் சிறிய அளவொன்றை ஆக்கியது. பின்னாளில் யப்பானிலிருந்து 3 மில்லிமீற்றர் அகலத் தண்டவாளமும் வந்துவிட்டது. அதிலோடும் வண்டி சிறுவிரல் அகலமும் இராது.

வண்டி சிறுத்தாலும் அது ஓடும் நிலப்பரப்பை அமைக்க முழு அறை வேண்டியிருந்தது. இவ்விடரைத் தீர்க்கவே துண்டு முறை எழுந்தது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆர்வலர் சிலர் ஒரு பொதுவிதி வகுத்தனர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு துண்டு நிலம் செய்வது. கண்காட்சி நாளில் அனைத்தையும் பொருத்தி நெடும்பாதையாக்கி ஓட்டுவது. அதற்கு 'என்-ட்ராக்' என்று பெயர். அத்துண்டு நான்கடி நீளமுடையது. தூக்கிச்செல்ல வாகனம் வேண்டும். யப்பானில் மேசைமேல் வைக்கும் சிறு துண்டுகளைக் கண்ட லீ மொனாக்கோ-பிற்ஸ்ஜெரால்ட் என்னும் அம்மையார், 2000ஆம் ஆண்டையொட்டி அம்முறையை 'ரி-ட்ராக்' என்ற பெயரில் அமெரிக்காவில் அறிமுகஞ் செய்தார். இன்று அவுஸ்திரேலியக் கண்காட்சிகளிலும் அதனைக் காணலாம். ஒரு நேர்த்துண்டின் நீளம் 308 மில்லிமீற்றர், ஏறத்தாழ ஓரடி. ஒரு பிள்ளை அதனை இரு கைகளால் ஏந்திப் புகையிரதத்திற் கொண்டு வரலாம்.

எம்மை இது ஈர்த்தமைக்குச் சொந்தக் காரணமும் உண்டு. ஊரில் ஆசிரியராயிருந்த நாம், இந்நாட்டில் பல்லாண்டுகள் தற்காலிக விசாவில் வாழ்ந்தோம். லிட்கத்திலும் அயலிலுமாக வாடகை வீடுகள் பல மாறினோம். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டிய வாழ்வு. நிலையாக ஒன்றை அமைக்க எண்ணவே துணியாத எமக்கு, கட்டிலின் கீழ் அடங்கும் ஓரடி நிலம் போதுமானதாகத் தோன்றியது. இங்குள்ள எம்மவர் பலருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

துண்டு முறையின் உயிர் அதன் விளிம்பில் உள்ளது. பலகையின் உள்ளே வயல் அமைக்கலாம், கோயில் அமைக்கலாம், வெறும் புல்லாகவும் விடலாம், எவரும் வினவார். ஆனால் ஓரத்திலே தண்டவாளம் எவ்வுயரத்தில், முன் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் வரவேண்டும் என்பதில் அணுவளவும் மாற்றம் இல்லை. உள்ளே முழு உரிமை. ஓரத்தில் முழு உடன்பாடு. இவ்வுடன்பாடின்றேல் யாது நிகழும் என்பதற்கு இந்நாடே சான்று. நியூ சவுத் வேல்ஸ் தண்டவாள அகலம் 1,435 மில்லிமீற்றர், விக்ரோறியாவினது 1,600. இரண்டும் 1883இல் ஆல்பெரியிற் சந்தித்தன, சந்தித்தும் இணையவில்லை. சிட்னியிலிருந்து மெல்பேர்ண் செல்வோர் அங்கே இறங்கி வேறு வண்டி ஏறினர். 1962இலேயே ஒரே அகலப் பாதை இரு நகரங்களையும் இணைத்தது. எண்பது ஆண்டுகள் மக்கள் மூட்டை சுமந்தமைக்குக் காரணம் ஒரு முழத்திலும் மிகக் குறைந்த அகல வேறுபாடேயாம். எமது சங்கங்களையும் பாடசாலைகளையும் எண்ணிப் பார்ப்போர், நாம் எதைக் கூற வருகின்றோம் என்பதை உணர்வர்.

இவ்விடத்தில் எமது பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொருத்திய தண்டவாளத்தின் நீளம் 310 மில்லிமீற்றர், பலகை 308. இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீற்றர் தண்டவாளம் வெளியே நீண்டிருக்கும். இவ்வேறுபாடு அழகன்று எனக் கருதிய நாம், எமது பலகையைச் சரியாக 310க்கு வெட்டினோம். பொருத்த முற்பட்டபோது எமது துண்டு மட்டும் அயற்றுண்டுடன் இணைய மறுத்தது. பலகையும் பலகையும் முட்டி நின்றனவேயன்றித் தண்டவாளங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. பன்னிரண்டு வயது மாணவியொருத்தி, "சேர், பலகை முட்டக்கூடாது, ரெயில் மட்டுந்தான் தொடவேணும்" என்று காட்டித் தந்தாள். இருபது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எமக்கு அது நல்ல பாடம். அயலவர் இருவர் இணைவதற்கு நடுவே இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். முழுவதும் ஒட்டிக்கொள்ள முனைவோர் இணைவதில்லை.

இனி எதனைச் செய்வது என்ற வினா எழுந்தது. வடபகுதிப் புகையிரதப் பாதையைச் செய்வதென முடிவாயிற்று. அதன் வரலாற்றைப் பிள்ளைகளுடன் சேர்ந்து கற்றோம். காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான 21 மைல் 1902 மார்ச்சில் திறக்கப்பட்டது. அப்போது அது தென்னிலங்கையுடன் இணையாத தனிப்பாதை. அவ்வாண்டு செப்ரெம்பரில் பளை வரை நீண்டது. 1905 ஓகஸ்ட் முதலாந் திகதி அனுராதபுரத்துடன் இணைந்து கொழும்பு வரை வழி பிறந்தது. 'யாழ்தேவி' 1956 ஏப்ரிலில் ஓடத் தொடங்கியது. 1990 யூனில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. பின்னர் இந்தியக் கடனுதவியுடன் இந்திய நிறுவனமான இர்கொன் பாதையை மீள அமைத்தது. 2013இல் கிளிநொச்சியையும், 2014 மார்ச்சில் பளையையும், அவ்வாண்டு ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தையும், 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் புகையிரதம் மீண்டும் அடைந்தது.

அடுத்து ஒரு கணக்கைக் கொடுத்தோம். ஒரு துண்டின் 310 மில்லிமீற்றரை 160ஆற் பெருக்கினால் 49.6 மீற்றர். அதாவது ஒரு பிள்ளையின் பலகையில் அடங்கும் ஊர் ஐம்பது மீற்றர் மட்டுமே. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை மட்டும் செய்து முடிக்க ஏறத்தாழ 680 துண்டுகள் வேண்டும். இருபது மீற்றர் உயர்ந்த பனை பன்னிரண்டரைச் சென்ரிமீற்றராகும். மனிதன் ஒருவன் ஒரு சென்ரிமீற்றர். முழு ஊரையும் செய்ய இயலாது என்பது தெளிவு. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வினா எழுந்தது: எந்த ஐம்பது மீற்றர்?

பெற்றோரே, இவ்வினாவின் ஆற்றலை நாம் முன்னர் அறிந்திருக்கவில்லை. "ஊரைப் பற்றி எழுதுக" என்று கட்டுரை கொடுத்தால் மாணவர் எழுதுவது நான்கு வரி. "எந்த ஐம்பது மீற்றர்?" என்று கேட்டபோது அப்பம்மாவுக்குத் தொலைபேசி போயிற்று, பெரியப்பாவிடம் பழைய படம் தேடப்பட்டது. படலை எந்தப் பக்கம் திறந்தது, கைகாட்டி நிலையத்திற்கு இப்பாலா அப்பாலா, கிணறு எங்கே, வேலி கிடுகா பனையோலையா என்றெல்லாம் விசாரணை நடந்தது. சிலிப்பர் கட்டை, சல்லிக்கல், சங்கடப்படலை, பனங்கூடல், கடலேரி, உப்பளம் ஆகிய சொற்களை நாம் கற்பிக்கவில்லை. பொருள் வேண்டியபோது பிள்ளைகளே சொல்லையும் கேட்டு வந்தனர். தேவையோடு வந்த சொல் மறப்பதில்லை.

இப்பணியில் எமக்கு ஏற்பட்ட பெரிய சோதனையையும் கூறியாக வேண்டும். மாணவியொருத்தி, பரந்தனுக்கும் ஆனையிறவுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தேர்ந்தாள். அவள் கொணர்ந்த பலகையில் சல்லிக்கல் இருந்தது; தண்டவாளம் இல்லை. "அப்பம்மா சொன்னா, அவை நடந்து போகேக்கை அங்கை ரெயிலே இல்லையாம் சேர்" என்றாள். அவள் கூறியது உண்மை. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுக் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் கூரையாயின. நாமும் அவ்வெறும் மேட்டின் வழியே சைக்கிள் மிதித்தவரே. இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையிலிருந்த எமது வீட்டிலிருந்து கோச்சியின் ஊதொலி கேட்டது பத்து வயது வரை மட்டுமே.

ஆயினும் நாம் அத்துண்டை மறுத்தோம். விழாவிற்கு வருவோர் மகிழ வேண்டும். தண்டவாளமற்ற ஒரு துண்டினால் முழு வண்டியும் நிற்கும். விதி விதியே என்றோம். பிள்ளை மறுமொழி கூறவில்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. 1990இற்கு முன்னைய ஊரை மட்டும் காட்டுவது எமது ஆசை. அப்பிள்ளையின் பாட்டி நடந்த ஊரோ வேறு. எமது ஐம்பது மீற்றரைக் காட்ட எமக்குள்ள உரிமை அவரது ஐம்பது மீற்றருக்கும் உண்டல்லவா? பிள்ளைகளிடம் அழகியதை மட்டும் ஒப்படைத்தால், நாம் ஏன் இங்கு வந்தோம் என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்?

அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்டோம். இருவரும் அமர்ந்து ஒரு வழி கண்டோம். ஓரத்து விதிப்படி ஓடும் பாதை இரண்டும் இருக்கும். பலகையின் பின்பகுதியில் தண்டவாளமற்ற பழைய மேடு ஒன்றும், துருப்பிடித்த தண்டவாளத் துண்டுகளைக் கூரையாகக் கொண்ட பதுங்குகுழியொன்றும், மூட்டையுடன் நடக்கும் ஒரு சென்ரிமீற்றர் மனிதர் சிலரும் இருப்பர். விழாவன்று மக்கள் மிகுந்த நேரம் நின்றது அத்துண்டின் முன்னே. எவரும் மகிழ்ச்சி குன்றியதாகக் கூறவில்லை. வண்டியும் நிற்கவில்லை.

எமது முயற்சிக்கு எதிராகக் கூறப்பட்டவற்றையும் மறைத்தல் முறையன்று. இது விளையாட்டு, பாடமன்று என்றனர் சிலர். ஒவ்வொரு துண்டுடனும் பிள்ளை தன் கைப்பட ஒரு பக்கம் தமிழில் எழுதியே தீரவேண்டும் என்பது எமது விதி. பதினான்கு பக்கங்களும் பாடசாலையில் உள்ளன, வாசித்தபின் கூறுக. செலவு மிகும் என்றனர். தண்டவாளம் வாங்கத்தான் வேண்டும். ஆனால் பலகை தச்சுக் கடையின் கழிவுத் துண்டு, பனை கம்பியும் பச்சைத் தாளும், இயந்திரம் ஒன்று அனைவருக்கும் பொது. காணாத ஊரைப் பிள்ளைகளின் தலையிற் சுமத்துகின்றீர் என்றனர். இது எண்ணத்தக்க கூற்று. ஆனால் எமது வளையத்தில் பாதை இரண்டு. ஊரில் வடபாதை ஒற்றைப் பாதை. இம்முறையின் விதியோ இரண்டு கேட்கின்றது. வெளிப்பாதையில் மாணவர் தாமே அட்டையில் மேலோடு செய்து சிட்னியின் இரட்டைத் தட்டு வண்டியை ஓட்டினர். இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயின, மோதவில்லை.

இன்னுமோர் உண்மையையும் மாணவரிடம் கூறினோம். இலங்கைத் தண்டவாள அகலம் ஐந்தடி ஆறங்குலம், 1,676 மில்லிமீற்றர். நூற்றறுபதில் ஒரு பங்காக்கினால் பத்தரை மில்லிமீற்றர் வரவேண்டும். நாம் இடுவதோ ஒன்பது. சிட்னி வண்டிக்கு அது சரியளவு. எமது வண்டிக்கு ஒன்றரை மில்லிமீற்றர் குறைவு. வந்த நாட்டின் அளவுக்கு நாம் சற்று ஒடுங்கியே ஓடுகின்றோம். அதனை அறிந்து ஓடுவது வேறு, அறியாது ஓடுவது வேறு.

நாம் வாழும் லிட்கம் இப்பாடத்துக்கு ஏற்ற ஊர். சிட்னியிலிருந்து பரமற்றா செல்லும் பாதை 1855 செப்ரெம்பரிற் திறக்கப்பட்டது. இங்கு 1858இல் நிலையம் அமைந்தபோது அதன் பெயர் ஹஸ்லெம்ஸ் கிறீக். லிட்பெரி, லார்கொம் என்னும் இரு நகரபிதாக்களின் பெயர்களை வெட்டிப் பொருத்தியதே 'லிட்கம்'. ஊர்ப்பெயரே துண்டு முறையில் ஆக்கப்பட்டதுதான். எம்மவர் பலரை வழியனுப்பிய றூக்வூட் மயானத்துக்கு, 1860கள் முதல் 1948 வரை, சவப்பெட்டிகளையும் உறவினரையும் ஏற்றிய தனிப் புகையிரதம் ஓடியது. மயானத்தினுள் இருந்த முதலாவது நிலையம் அழகிய கற்கட்டடம். சேவை நின்றபின் 1950களில் அதன் கற்கள் பெயர்க்கப்பட்டுக் கன்பராவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று அது எயின்ஸ்லி என்னுமிடத்தில் ஓல் செயின்ற்ஸ் தேவாலயமாக நிற்கின்றது.

பெயர்த்த கல்லைப் பிறிதோரிடத்தில் மீளக் கட்டலாம் என்பதற்கு இது நற்சான்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடம் தப்பியது, வண்டி தப்பவில்லை. எமது மொழியையும் அவ்வாறு ஆக்கிவிடலாகாது. மேடையில் ஆண்டுக்கொருமுறை அலங்கரித்துக் காட்டப்படும் தமிழ், வண்டி வராத நிலையம். பாட்டியிடம் பேரன் கேள்வி கேட்கும் தமிழே ஓடும் வண்டி.

ஆதலின் பெற்றோர் முன் வைக்கும் வேண்டுகோள் இதுவே. வரும் ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு துண்டு செய்க. வடபகுதியினர் மட்டுமல்லர், மலையகத்தார் தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைச் செய்யலாம், அதன் 91 மீற்றர் நீளம் இரு துண்டுகளுள் அடங்கும். தமிழகத்தார் 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் ஓர் ஐம்பது மீற்றரைத் தரலாம். இங்கு பிறந்த பிள்ளைகள் லிட்கம் நிலைய மேடையையே செய்யலாம். அதுவும் எமது ஊரே. ஏனைய தமிழ்ப் பாடசாலைகளும், மெல்பேர்ண் நண்பர்களும் இதே ஓரத்து அளவைக் கைக்கொண்டால், என்றாவது ஒருநாள் அனைத்தையும் ஒரே மண்டபத்திற் பொருத்தலாம். உள்ளே அவரவர் விருப்பம். ஓரத்தில் மட்டும் உடன்படுவோம். 310 அன்று, 308. அப்பிழையை நாம் ஏற்கெனவே செய்துவிட்டோம். நீங்கள் செய்ய வேண்டியதில்லை.

கொடிகாமச் சந்தை இன்னும் செய்து முடியவில்லை. அம்மாணவன் இவ்வாரமும் அதனை வகுப்புக்குக் கொண்டு வந்தான். மாம்பழக் கூடைகளை எவ்வாறு செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை, எமக்கும் தெரியவில்லை. சந்தையில் வியாபாரம் செய்த பெரியோர் எவரேனும் இம்மலரை வாசிப்பின், சனிக்கிழமை வகுப்பு முடியும் வேளையில் வந்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்குமாறு வேண்டுகின்றோம்.